அரங்கு யார் கையில்?

கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளைக் கல்வியைப் பற்றிய குறளாக மட்டுமே படித்துக் கடந்துவிடுவது நம் வழக்கம். நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசத் துணிகிறவன், கட்டம் வரையாமலே வட்டாட முனைகிறவனைப் போன்றவன் என்பது அதன் கருத்து. வகுப்பறையில் பொருள் சொல்லும்போது நூலை விளக்குவோம், அவையை விளக்குவோம். உவமையில் வரும் விளையாட்டை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவோம். பரிமேலழகர் அப்படி விட்டுவிடவில்லை. அரங்கு என்பது வகுத்துக்கொண்ட இடம் என்றும், வட்டாடுதல் என்பது உண்டையை உருட்டுதல் என்றும் பொருள் கூறி, அதற்குச் சான்றாக நற்றிணையின் மூன்றாம் பாடலைக் காட்டுகிறார். பாலை வழியில், வேப்பமரத்தின் புள்ளி புள்ளியான நிழலில், சிறுவர்கள் கட்டங்கீறி நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகிறார்கள். அவர்கள் வரைந்த அரங்கு பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் போலிருந்தது என்கிறார் அதைப் பாடிய இளங்கீரனார்.

இந்தச் சிறு காட்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரங்கை வரைந்தவர்களும் அந்தச் சிறுவர்கள்தாம்; ஆடியவர்களும் அவர்கள்தாம். கோடு கோணலாக விழுந்தால் இருதரப்பாரும் பார்க்கலாம், அழித்துத் திருத்தலாம். இதற்கு நேர் எதிரான ஆட்டம் அத்தினாபுரத்து மண்டபத்தில் நடந்தது. அங்கே மண்டபத்தைக் கட்டியவன் ஒரு தரப்பு. காயைக் கொண்டுவந்தவனும் அதே தரப்பு. சகுனியின் காய்கள் அவன் தந்தையின் எலும்பில் கடைந்தவை என்று நாட்டார் வழக்கு சொல்கிறது. எதிரில் அமர்ந்தவனுக்குக் காயைத் தொட்டுச் சோதிக்கும் உரிமை இல்லை. முதலாவதை ஆட்டம் என்கிறோம், இரண்டாவதைச் சூது என்கிறோம். இரண்டையும் பிரிக்கும் கோடு பந்தயப் பணத்தில் மட்டும் இல்லை. அரங்கு யார் கையில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. உண்டை உருட்டும் ஆட்டங்களின் அண்மைக்கால வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

*

விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் அலுவலகங்களுக்கு வந்த காலத்தில், உணவு இடைவேளையில் பின்பால் ஆடியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். சாய்ந்த பலகையில் ஓர் உருண்டை உருண்டு வரும். கீழே விழாதபடி இரண்டு தட்டுக்கைகளால் அதை மேலே தள்ள வேண்டும். நமக்கு அது திரையில் அறிமுகமான ஆட்டம். மேலைநாட்டில் அது மரத்தாலும் ஆணியாலும் கண்ணாடியாலும் ஆன பருப்பொருள்.

அதன் முன்னோடி பகடெல் என்ற பிரெஞ்சு மேசையாட்டம். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரை ஒட்டிய பகடெல் மாளிகையில் நடந்த விருந்தொன்றில் இப்பெயர் பரவியது என்பார்கள். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளிலும் வரிசையாக ஆணி அடித்து, கோலிக்குண்டைச் சுருள்வில் தள்ளிவிடும் பகடெல் பலகைகள் விற்றதுண்டு. அந்தச் சுருள்வில் தண்டுக்கு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1871இல் காப்புரிமை பெற்றவர் மான்டேகு ரெட்கிரேவ். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில் இந்தப் பலகை காசு விழுங்கும் பெட்டியாயிற்று. சிகாகோவின் டேவிட் காட்லீப் 1931இல் செய்த 'பாஃபிள் பால்' ஏறத்தாழ 50,000 விற்றது. அதை வாங்கி விற்றுவந்த ரேமண்ட் மலோனி, கேட்ட அளவுக்குச் சரக்குக் கிடைக்கவில்லை என்று 1932இல் தாமே 'பாலிஹூ' என்ற பெட்டியைச் செய்யத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற பாலி நிறுவனத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சிறு பட்டறைகள் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்த தொழில் அது.

அந்தப் பெட்டிகளில் தட்டுக்கை கிடையாது. உருண்டையைத் தள்ளிவிட்டால் அது ஆணிகளில் மோதித் தன்போக்கில் எங்கோ விழும். ஆடுபவர் காசைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம், மிஞ்சினால் பெட்டியை அசைத்துப் பார்க்கலாம். ஆகவே இது சூதாட்டம் என்று அரசுகள் கருதியதில் வியப்பில்லை. நியூயார்க்கில் 1942இல் மேயர் லா கார்டியா பின்பாலுக்குத் தடை விதித்தார். பறிமுதல் செய்த பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்து எறிந்தார்கள். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' பெட்டியில் ஹாரி மாப்ஸ் தட்டுக்கைகளைப் பொருத்தியபோது ஆட்டத்தின் இயல்பே மாறியது. இனி உருண்டையின் போக்கை ஆடுபவரின் கையும் தீர்மானிக்கும். ஆட்டம் மாறியும் சட்டம் மாற மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

1976இல் நியூயார்க் நகரமன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் ஆடிக் காட்டினார். இரண்டு பெட்டிகள் கொண்டுவரப்பட்டிருந்தன. ஆட இருந்த பெட்டியில் ஏதேனும் சூழ்ச்சி செய்யப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்ற உறுப்பினர் ஒருவர், மாற்றாக வைத்திருந்த பெட்டியில் ஆடச் சொன்னார். ஷார்ப் தண்டை இழுக்கும் முன்பே, உருண்டை நடுவழியில் இறங்கும் என்று அறிவித்தார், அவ்வாறே இறங்கியது. தடை நீங்கியது. அந்த அடியில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார் என்பது இந்தக் கதையின் அழகு. அந்த உறுப்பினரின் ஐயத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆடுபவனின் திறமையைச் சோதிக்கும் முன் அரங்கைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

திரை ஆட்டங்கள் பெருகிய பின் பின்பால் தொழில் நலிந்தது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999இல் பின்பால் உற்பத்தியை நிறுத்தியபோது, பெரிய அளவில் பெட்டி செய்யும் நிறுவனமாக எஞ்சியது ஸ்டெர்ன் ஒன்றுதான். அதன்பின் ஆட்டத்தைக் காப்பாற்றியதில் ஆர்வலர்களுக்குப் பெரும் பங்குண்டு. பழைய பெட்டிகளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி நிறுத்தி, அடியிலுள்ள மின்காந்தச் சுருள்களையும் கம்பிகளையும் தாமே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆர்வலர் வட்டத்தை நம்பியே 2011இல் ஜெர்சி ஜாக், 2013இல் விஸ்கான்சினின் சிற்றூர் ஒன்றில் ஸ்பூக்கி என்று சிறு நிறுவனங்கள் தோன்றின. காசு விழுங்கும் பெட்டியாக இருந்தவரை அதன் உள்வயிறு உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். ஆடுபவர்கள் அதைத் திறந்து பார்க்கத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய வேப்பமரத்தடிச் சிறுவர்களின் நிலைக்கு அவர்களும் வந்து சேர்ந்தார்கள் எனலாம்.

*

பின்பால் பெட்டிகள் நம் ஊரில் வேரூன்றவில்லை. அந்த இடத்தில் நமக்கு வாய்த்தது கேரம். அதன் பிறப்பைப் பற்றி இருவேறு மரபுகள் உண்டு. இந்தியாவில் தோன்றியது என்போர், பாட்டியாலா அரண்மனையிலுள்ள கண்ணாடிப் பரப்புப் பலகையைச் சான்று காட்டுவர். அமெரிக்க மரபு மிச்சிகன் மாநிலத்து லடிங்டன் நகரைச் சுட்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேதப்பள்ளி ஆசிரியராக இருந்த ஹென்றி ஹாஸ்கல், சூதாட்டம் மலிந்த பில்லியர்ட்ஸ் கூடங்களிலிருந்து சிறுவர்களை விலக்கிவைக்க, மூலைகளில் வலைப்பை கட்டிய ஒரு பலகையை 1890களில் உருவாக்கினார். இவற்றுள் எது முந்தியது என்ற வழக்கிற்குள் நாம் நுழைய வேண்டாம். சூதிலிருந்து மீட்பதற்காக ஒருவர் ஒரு பலகையைச் செய்தார் என்பது மட்டும் நம் பேச்சுக்குப் போதும்.

தமிழில் இதற்குச் சுண்டாட்டம் என்ற பெயரும் உண்டு. ஈழத்தமிழர் கரம் என்பர். அயற்சொல்லின் ஒலிபெயர்ப்புத்தான் எனினும், கையால் ஆடும் ஆட்டத்திற்குக் கையின் பெயரே வந்து வாய்த்தது தற்செயலான நயம்.

நாம் வாழும் மேற்கு மாம்பலத்தில் கேரம் என்பது கோடை விடுமுறையின் மறுபெயராக இருந்தது. ஒண்டுக்குடித்தன ஸ்டோர் வீடுகளின் பொது நடையில், மாடிப்படிக்கு அடியில், வெயில் தாழும்வரை பலகை விரிந்து கிடக்கும். மருந்துக்கடையில் போரிக் பவுடர் வாங்கிவர ஒரு பொடியன் ஓடுவான். ரெட்டை விழத்தாட்டி ஃபாலோ போட முடியாமல் போனவனுக்கு அன்று முழுவதும் கேலி. பள்ளி திறந்ததும் பலகை பரணுக்குப் போய்விடும். அதற்குமேல் அந்த ஆட்டத்தில் ஓர் எதிர்காலம் இருப்பதாக மாம்பலத்துப் பெற்றோர் கருதியதில்லை. கேரம் ஆடிக்கொண்டிருக்கிறான் என்றால் பையன் பொழுதை வீணடிக்கிறான் என்று பொருள். சதுரங்கத்திற்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை. அதிலே மூளை, இதிலே விரல் என்று நாம் பிரித்து வைத்திருந்தோம்.

நகரின் மறுமுனையில் நிலைமை வேறு. வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் கேரம் மன்றங்கள் ஆண்டு முழுவதும் நடந்தன. பலகைக்கு மேலே தாழத் தொங்கும் ஒற்றை விளக்கின் வட்டத்திற்குள் தலைகள் குனிந்திருக்கும். அங்கே அது விடுமுறை ஆட்டம் அன்று. நன்றாக ஆடுகிறவனுக்குப் பொதுத்துறை நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) திரைப்படத்தின் நாயகன் அன்பு ஒரு கேரம் ஆட்டக்காரனாக அமைக்கப்பட்டது அந்த மண்ணைப் பார்த்துச் செய்த தேர்வு.

அந்த மன்றங்களின் நகரத்தில்தான் உலகக் கேரமின் ஆட்சியமைப்பும் பிறந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் 1950களின் இறுதிக்குள் தேசிய சம்மேளனங்கள் அமைந்துவிட்டன. பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் 1988 அக்டோபர் 15 அன்று சென்னையில் தொடங்கப்பட்டது. 1991இல் புதுதில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியிலும், 1995இல் கொழும்பில் நடந்த இரண்டாவதிலும் ஆடவர் ஒற்றையர் பட்டம் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயத்திற்கே போயிற்று. 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் அவரை வந்தடைந்தது. 2008இல் பிரான்சின் கான் நகரில் மகளிர் பட்டம் வென்றவர் வியாசர்பாடி இளவழகி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. ஆண்கள் மட்டுமே கூடும் இடமாக நெடுங்காலம் இருந்த மன்றப் பலகைகளைச் சுற்றி இந்தப் பெண்கள் எழுந்து வந்தது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

*

பொழுதுபோக்காக இருந்த ஓர் ஆட்டம் இவ்வாறு உயர எது உதவியது? திறமைசாலிகள் எப்போதும் இருந்திருப்பார்கள். அவர்கள் திறமையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுவதற்கு அளவெடுத்த அரங்கு வேண்டியிருந்தது. பன்னாட்டு விதிகள் அந்த அளவுகளை வரையறுக்கின்றன. ஆடுபரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரையுள்ள சதுரம். ஒட்டுப்பலகையின் தடிமன் 8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மூலைக்குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர். ஒவ்வொரு காயும் 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. உலோகத்தில் செய்யக் கூடாது. இவற்றையெல்லாம்விட நம்மைக் கவர்ந்த விதி ஒன்றுண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வலிமையோடு சுண்டினால், அது பலகையில் குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. எதிரில் அமர்ந்தவர் எவரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கட்டளைக்கல் என்று இளங்கீரனார் சொன்ன உவமை இங்கே விதியாகவே ஆகியிருக்கிறது.

விதியை ஏட்டில் எழுதுவது எளிது. மரத்தில் எழுதுவது கடினம். சென்னையின் கடற்காற்றும் ஐப்பசி மழையும் ஒட்டுப்பலகைக்குப் பகை. ஈரம் ஏறினால் பலகை மெல்லத் தொய்யும். நடுவில் ஒரு தாள் அளவுப் பள்ளம் விழுந்தாலும் மெதுவாகப் போகும் காய் வழி மாறும். இதற்காகவே அடியில் ரீப்பர் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் கொடுத்துத் தாங்குகிறார்கள். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, மெருகெண்ணெய் பூசி, காயவைத்து, மீண்டும் தேய்க்க வேண்டும். நான்கு பக்கச் சட்டத்திற்குக் கெட்டியான மரம் வேண்டும். சட்டம் மென்மையாயிருந்தால் மோதிய காய் திரும்பும் வேகம் குன்றும். மூலை இணைப்பு மயிரிழை விலகினாலும் சுவரில் அடித்துத் திருப்பும் அடி பிழைத்துவிடும். காய்கள் கடைசலில் ஒரே எடைக்கு வர வேண்டும். நிலத்தில் அரங்கு வரைந்ததைச் சொல்லச் சங்கப்பாட்டு ஆளும் வினை 'இழைத்தல்'. மரத்தை வழவழப்பாக்கும் தச்சரின் வேலைக்கும் அதே சொல்தான். அவர் கையில் உள்ளது இழைப்புளி. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் அரங்கு மண்ணிலிருந்து மரத்திற்கு ஏறியது, வினைச்சொல் மாறவில்லை.

ஆனால் இழைத்தவர்களைப் பற்றி நாம் எழுதி வைத்தது என்ன? ரெட்கிரேவுக்குக் காப்புரிமை ஏடு இருக்கிறது. ஹாரி மாப்ஸ் எந்த ஆண்டு எந்தப் பெட்டியில் தட்டுக்கையைப் பொருத்தினார் என்று அங்குள்ள ஆர்வலர்கள் ஆவணப்படுத்தி இருக்கிறார்கள். ஜலந்தரும் மீரட்டும் இந்தியாவின் விளையாட்டுப் பொருள் உற்பத்தி மையங்கள் என்ற பொதுச் செய்தி நம்மிடம் உண்டு. பெரியமேட்டில் வரிசையாகக் கடைகள் இருப்பதும் தெரியும். சிறு பட்டறைகளில் பலகை இழைத்தவர்களின் பெயர்கள் நம் விளையாட்டு வரலாற்றில் இடம்பெறவில்லை. மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. 1920களில் ஏரி நீரை வடித்துத் தியாகராய நகரை எழுப்பிய பின்னும், ஏரியின் நினைவு அந்தப் பெயரில் நின்றது. பலகை செய்தவர்களுக்கு அந்த அளவு நினைவும் இல்லை.

*

இது பழம்பெருமைக் கவலை அன்று. திறமையாட்டம் எது, சூது எது என்ற வழக்கு இன்று நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1996 சனவரியில், மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கர்நாடகத்து வீடியோ கேம் கூடங்கள் பற்றிய சிவானி வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு செய்தியைக் கணக்கில் கொண்டது: ஆட்ட இயந்திரத்தின் உட்பகுதியில் மாற்றம் செய்து, ஆடுபவரின் வெற்றி வாய்ப்பைக் குறைத்துவிட முடியும். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகம் 2022இல் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியையும் போக்கரையும் திறமையாட்டங்கள் என்று பிரித்தது. வாதங்கள் பெரும்பாலும் ஆட்டத்தின் இயல்பைச் சுற்றியே நிகழ்கின்றன. சீட்டைக் கலைப்பவர் யார், அதை நாம் பார்க்க முடியுமா என்ற கேள்வியும் சம அளவில் எழ வேண்டும்.

கேரமும் இன்று கைபேசிக்குள் புகுந்துவிட்டது. அங்கே பலகை தொய்வதில்லை, மழைக்காலம் இல்லை, பவுடர் வேண்டாம். காய் ஏன் அந்தக் கோணத்தில் திரும்பியது என்று கேட்டால் பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை. அரங்கை இழைத்தவர் எங்கோ இருக்கிறார். அவர் வகுத்ததை நாம் உரைத்துப் பார்க்க வழியில்லை. பின்பால் ஆர்வலர் தம் பெட்டியைத் திறந்து பார்த்ததைப் போல இதைத் திறந்து பார்க்கவும் இயலாது. பணம் கட்டாமல் ஆடும்வரை இதனால் பெருங்கேடு இல்லை. பணம் நுழையும் நொடியில் நாம் அத்தினாபுரத்து மண்டபத்தில் அமர்ந்திருக்கிறோம்.

நம் கல்லூரிகளில் கள ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களுள் சிலரேனும் ஒரு கேரம் பட்டறைக்குப் போய், எந்த மரம் எதற்கு, எந்த மெருகு எத்தனை பூச்சு, எந்தச் சொல் எந்த உறுப்புக்கு என்று கேட்டு எழுதலாம். தச்சுத்தொழிலின் கலைச்சொற்களுக்கும், எழுதப்படாத ஒரு நகர வரலாற்றுக்கும் அது தொடக்கமாக அமையும். மற்றவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளியது. அடுத்த கோடையில் பிள்ளைகளுக்குப் பலகை வாங்கப் போகும்போது, விலையைக் கேட்கும் முன் ஸ்ட்ரைக்கரை முழு வலிமையோடு ஒருமுறை சுண்டிப் பாருங்கள். மூன்றரை முறை போய்வருகிறதா என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஆடும் முன் அரங்கைச் சோதிக்கும் பழக்கம் அவர்களுக்கு வேறு பல இடங்களிலும் பயன்படும்.